ரெண்டரைக்கு விழுந்த அடி

மாலை நாலு பத்து, மூன்று விரல், மாசிலாமணி. என் கதைக்கு இந்த மூன்றும் போதும் சார். மற்றதெல்லாம் ஊர் சேர்த்துக்கொண்டது.

டிக்கெட் என் கையிலிருந்து நழுவியதைப் பார்த்தீர்கள், குனிந்து எடுத்தும் கொடுத்தீர்கள், விரல் ஏன் இப்படி வளைந்து கிடக்கிறது என்று கேட்கவில்லை. கேட்கிறவர்களிடம் மில்லில் மெஷினில் மாட்டிக்கொண்டது என்று சொல்லிவிடுவேன். நீங்கள் கேட்காததால் உள்ளதைச் சொல்கிறேன். மதுரைக்கு இன்னும் இரண்டு மணி நேரம் இருக்கிறது. எனக்கு அங்கே கண் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும், வேறு அவசரம் இல்லை.

கோவில்பட்டியில் பஸ் ஏறியவர் மாசிலாமணியைக் கேள்விப்படாமல் இருக்க முடியாது. ஹாக்கி மாசிலாமணி. ரயில்வேக்கு ஒன்பது வருடம், இந்தியாவுக்கு நாலு வருடம் ஆடியவன். அவன் அடித்தால் பந்து போவது தெரியாது, கோல் பலகையில் மோதுகிற சத்தம்தான் கேட்கும் என்பார்கள். அது உண்மை. நான் மறுக்கவில்லை. எதிரியாக இருந்தாலும் உள்ளதை உள்ளபடி சொல்ல வேண்டும். அடி அவனுடையது. ஆனால் அடிப்பதற்குப் பந்து நிற்க வேண்டுமே, அதை நிறுத்தியது யார்?

நான். சீனிராஜ். அதைத்தான் ஒருவரும் எழுதவில்லை.

ஹாக்கி பார்த்திருக்கிறீர்களா? இல்லையென்றாலும் பரவாயில்லை, இது ஒன்று தெரிந்தால் போதும். எதிரணி தன் வட்டத்துக்குள் தப்பு செய்தால் நமக்கு ஷார்ட் கார்னர் கிடைக்கும். இப்போது பெனால்டி கார்னர் என்கிறார்கள். ஒருவன் கோல் கோட்டிலிருந்து பந்தைத் தள்ளிவிடுவான். இன்னொருவன் வட்டத்தின் விளிம்பில் குனிந்து அதை நிறுத்துவான். மூன்றாமவன் ஓங்கி அடிப்பான். இன்றைக்கு ஸ்டிக்கால் நிறுத்துகிறார்கள். எங்கள் காலத்தில் கையால். வெறுங்கையால். இடது கையில் ஸ்டிக், வலது உள்ளங்கை தரையில். பந்து வந்து கையில் அடங்கும், கையை எடுக்க வேண்டும், எடுத்த இடத்தில் அடி விழும். நடுவில் ஒரு கை இருந்ததே பார்க்கிறவர்களுக்குத் தெரியாது.

எங்களுக்குள் ஒரு கணக்கு இருந்தது. பந்தைத் தள்ளியதும் மனதுக்குள் ஒண்ணு. கையில் அடங்கும்போது ரெண்டு. ரெண்டு என்றால் கை வெளியே. மூணுக்கு அடி. அடிக்கிறவன் கையைப் பார்க்க மாட்டான், பந்தை மட்டும் பார்ப்பான். கையைப் பார்த்தால் பயம் வரும், பயம் வந்தால் அடி தளரும். கை போயிருக்கும் என்று நம்பித்தான் ஓங்குவான். காலை ஆறு மணிக்கு, ஷிப்டுக்கு முன்னால், மில் மைதானத்தில் தினம் நூறு பந்து. நாலு வருடம். ஒரு நாள்கூட ஸ்டிக் என் நகத்தில் பட்டதில்லை.

அப்படிப்பட்டவன் ஒரே ஒரு நாள் ரெண்டரைக்கு அடித்தான் என்றால் அது தவறுதலாக நடந்ததா? நீங்களே சொல்லுங்கள்.

ஏன் அடித்தான் என்பதும் எனக்குத் தெரியும். இரண்டு நாள் முன்னால், வெள்ளிக்கிழமை, மில் கேட் டீக்கடையில் பத்துப் பேர் நின்றோம். ஞாயிற்றுக்கிழமை பைனலைப் பார்க்க ரயில்வே அதிகாரி வருகிறார், எங்கள் அணியில் ஒருவரையோ இருவரையோ வேலைக்கு எடுப்பார் என்று பேச்சு. ரயில்வே வேலை சார். அன்றைக்கு எங்கள் ஊரில் பெண் கொடுக்க அந்த ஒன்று போதும். எல்லோரும் மாசிலாமணியின் முதுகில் தட்டிக்கொண்டிருந்தார்கள். நான் சொன்னேன்:

“ஏலே மாசி, என் கை இல்லன்னா நீ வெறும் வெறகுவெட்டிடே.”

எல்லோரும் சிரித்தார்கள். அவனும் சிரித்தான். “வாஸ்தவந்தாம்டே. நீ இல்லாம நான் எங்க போக” என்றான். டீ கிளாசைக் கீழே வைத்துவிட்டு என் வலது கையைப் பிடித்துத் தூக்கிக் காட்டினான், பத்துப் பேர் முன்னால். சிரித்துக்கொண்டே அப்படிச் செய்கிறவன் உள்ளுக்குள் என்ன நினைப்பான் என்று உங்களுக்குத் தெரியாதா? அந்த நிமிஷமே முடிவு செய்துவிட்டான்.

1974 அக்டோபர் 13. பெங்களூரிலிருந்து வந்த ஒரு அணியோடு பைனல். யாரும் கோல் போடவில்லை. முடிய மூன்று நிமிஷம் இருக்கும்போது எங்களுக்கு ஷார்ட் கார்னர். மாலை நாலு பத்து. மணி எப்படித் தெரியும் என்றால், மைதானத்துக்கு நேரே மில் கடிகாரம்.

போட்டோக்காரர் வைகுண்டம் கோல் கம்பத்துக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தார். ஸ்டுடியோ வைத்திருந்தார், பேப்பருக்கும் படம் எடுத்துக் கொடுப்பார். எப்போதும் அந்தப் பக்கம்தான் உட்காருவார். நாலு வருடமாகப் பேப்பரில் வந்த படம் ஒன்றிலும் என் முகம் இல்லை. குனிந்தவன் முதுகுதான் இருக்கும். அதனால் அன்று காலையில் அவரிடம் சொல்லியிருந்தேன், “அண்ணாச்சி, இன்னைக்கு இந்தப் பக்கம் வந்து ஒக்காருங்க. அப்பத்தான் நிறுத்துறவன் மூஞ்சியும் விழும்” என்று. உட்கார்ந்தார். இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், நடந்ததற்கு ஒரு சாட்சி இருந்தது என்பதற்காக.

பந்து வந்தது. கையில் அடங்கியது. ஒண்ணு, ரெண்டு. அவ்வளவுதான், கட்டை இறங்கிவிட்டது.

சுட்டு விரல், நடு விரல், மோதிர விரல். வலி உடனே தெரியவில்லை. சத்தம்தான் கேட்டது, ஈர்க்குச்சியை ஒடித்த மாதிரி. என் விரலில் பட்டதில் அடியின் வேகம் செத்துவிட்டது. பெங்களூர் கோல்கீப்பர், கோலி என்போம், வழக்கமான அடி வருகிறது என்று அந்தப் பக்கம் பாய்ந்து விழுந்துவிட்டான். பந்து இந்தப் பக்கமாக மெதுவாக ஊர்ந்து போய்க் கோட்டைத் தாண்டியது. கோல். ஒன்றுக்குப் பூஜ்யம்.

நன்றாகக் கேளுங்கள். அந்தக் கோல் விழுந்ததே என் விரலில் பட்டதால்தான். நேராக அடித்திருந்தால் கோலி பிடித்திருப்பான்.

ஜனம் உள்ளே ஓடிவந்து மாசிலாமணியைத் தோளில் தூக்கிவிட்டது. அவன் மேலே இருந்துகொண்டு அழுதான். “எறக்குங்கடே, எறக்குங்கடே” என்று கத்திக்கொண்டு என் பக்கம் கையை நீட்டினான். ஆனந்தக் கண்ணீர் என்று பேப்பரில் போட்டார்கள். நான் தண்ணீர் வாளிக்குள் கையை விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ரயில்வே அதிகாரி என்னைத் தாண்டித்தான் போனார். வாளியைச் சுற்றிப் போனார்.

மறுநாள் பேப்பரில் படம் வந்தது. ‘வெற்றி கோலை அடிக்கிறார் மாசிலாமணி.’ கீழ் மூலையில் ஒரு முழங்கை இருந்தது. அது நான்.

ஆஸ்பத்திரியில் பதினோரு நாள் கிடந்தேன். அவன் ஏழு தடவை வந்தான். நர்சம்மாவிடம் நான் தூங்குவதாகச் சொல்லச் சொன்னேன். “தூங்குதாருன்னு சொன்னா, முழிக்கட்டும்னு வாசல்லயே ஒக்காந்திருக்காரே” என்றாள். “இருக்கட்டும்” என்றேன். குற்றம் செய்தவன் காலுக்குத்தான் ஆஸ்பத்திரி வாசல் வழி தெரியும்.

ரயில்வேயில் அவனுக்கு உத்தரவு வந்தது. போகாமல் ஜனவரி வரை இழுத்தடித்தான். “நிறுத்துறவனையும் எடுங்க, இல்லன்னா நான் வரல” என்று அதிகாரியிடம் சொன்னதாக டீக்கடையில் பேசிக்கொண்டார்கள். எனக்குத் தெரியாதா? இன்னும் பெரிய வேலையாக வாங்குவதற்கு அடிபோட்டிருக்கிறான். கடைசியில் அவன் அம்மா அழுது பிடித்து அனுப்பி வைத்தாளாம்.

போனவன் என்ன செய்தான் தெரியுமா? ஊரெல்லாம் கையால் நிறுத்திக்கொண்டிருந்த காலத்தில், இவன் மட்டும் தனக்கு ஸ்டிக்கால் நிறுத்தச் சொன்னான். யாரையும் தரையில் கை வைக்க விடவில்லை. ஸ்டிக்கில் பட்டுப் பாதிப் பந்து துள்ளி ஓடும். கோல் குறைந்துபோனது. பயிற்சியாளர் திட்டினார், பேப்பர்காரர்கள் எழுதினார்கள், கேட்கவில்லை. சீனிராஜ் கை இல்லாமலே என்னால் முடியும் என்று எனக்குக் காட்டுவதற்காகவே செய்தான். கோல் போனாலும் பரவாயில்லை, என்னை மட்டம் தட்ட வேண்டும். அவ்வளவு வன்மம்.

பேட்டி கொடுக்கும்போதெல்லாம் ஒரு வரி சொல்வான். “என் கோல்ல பாதி எங்க ஊர் சீனிராஜோடது” என்று. பாதி. கேட்டீர்களா, பாதி. என் எதிரே வந்து நின்று முழுசு என்று சொல்லியிருந்தால் ஒருவேளை மன்னித்திருப்பேன்.

கிறிஸ்துமஸுக்கு ஒவ்வொரு வருடமும் ஊருக்கு வருவான், ஆள் அனுப்புவான். நான் முதல் நாளே ராஜபாளையத்தில் தங்கச்சி வீட்டுக்குப் போய்விடுவேன். மில்லில் என்னை மெஷினில் நிறுத்த முடியாது என்று கேட்டில் உட்கார வைத்தார்கள். முப்பத்து நாலு வருடம் உள்ளே போகிறவனையும் வெளியே வருகிறவனையும் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு மனிதனுக்கு யோசிக்க அது நல்ல இடம்.

2012 ஜூன் 18-ஆம் தேதி, திங்கட்கிழமை, சென்னையில் மாரடைப்பில் செத்தான். செய்தி வந்தபோது நான் ஓட்டலில் இருந்தேன். இன்னும் இரண்டு இட்லி கொண்டுவரச் சொன்னேன்.

உடலை ஊருக்குக் கொண்டுவந்தார்கள். போனேன். உறுதி செய்துகொள்ளத்தான் போனேன். கூட்டத்தில் யாரோ, “நிறுத்துனவரு வாராரு, வழி விடுங்கடே” என்றார்கள். முன்னால் கொண்டுபோய் நிறுத்திவிட்டார்கள். அவன் மனைவி ஜெபக்கனி என் வலது கையைப் பிடித்துக்கொண்டு, அந்த மூன்று விரலிலும் முகத்தை வைத்து அழுதாள். எனக்கு வலித்தது. விரல் எப்போது தொட்டாலும் வலிக்கும்.

நினைவுக் குழு என்று ஒன்று போட்டார்கள். செயலாளர் ரெங்கராஜுலு, தபால் ஆபீசில் இருந்து ஓய்வு பெற்றவர். நல்ல மனிதர், ஆனால் வாழ்க்கையில் ஒரு தடவைகூட ஸ்டிக்கைத் தொட்டவர் இல்லை. மைதானத்துக்குத் திரும்புகிற வளைவில் மாசிலாமணிக்குச் சிலை வைப்பது என்று முடிவு. ஷார்ட் கார்னர் அடிக்க ஓங்கி நிற்கிற மாதிரி. சிலை செய்கிறவர் மதுரைக்காரர். அவர் ஒரே ஒரு படம் கேட்டார், கை, ஸ்டிக், முகம் எல்லாம் தெளிவாகத் தெரிகிற மாதிரி. மாசிலாமணி வீட்டில் இருந்ததெல்லாம் கோட் போட்டுக்கொண்டு பரிசு வாங்குகிற படங்கள். ஆடுகிற படத்தில் எல்லாம் ஓடுகிறான், முகம் இல்லை. பழைய பேப்பரில் வந்த படம் வெறும் புள்ளி.

ரெங்கராஜுலு என் வீட்டுக்கு வந்தார். “அண்ணாச்சி, ஒம்மகிட்ட எதாச்சும் படம் கெடக்கா?”

கிடந்தது சார். வைகுண்டம் ஸ்டுடியோவை மூடிய வருடம் என்னைக் கூப்பிட்டு ஒரு கவரைக் கொடுத்திருந்தார். அந்த நாலு பத்தின் நெகட்டிவ். “இதுல ஒம்ம மூஞ்சி நல்லா விழுந்திருக்குவே. பேப்பர்காரன்தான் வெட்டிட்டான்” என்றார். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். அதைவிட வேறு சாட்சி வேண்டாம். ஸ்டிக் அவன் தோளுக்கு மேலே. அவன் கண் பந்து மேல். என் கை இன்னும் பந்தை மூடிக்கொண்டு தரையில் இருக்கிறது. நான் நேராகக் கேமராவைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருக்கிறேன். பல்லெல்லாம் தெரிகிறது. அவ்வளவு வெள்ளந்தியாக இருந்தவன் மேல் கட்டையை இறக்கியிருக்கிறான். அந்தப் படத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ரத்தம் கொதிக்கும்.

ரெங்கராஜுலுவிடம், “தேடிப் பாக்கேன்” என்று சொல்லி அனுப்பினேன். இரவெல்லாம் யோசிக்கவில்லை. வாசல் கதவைச் சாத்துவதற்குள் யோசனை வந்துவிட்டது.

ஹாக்கியில் ஒரு விஷயம். இடது கைக்காரனாக இருந்தாலும் வலது கைக்காரனாக இருந்தாலும், ஸ்டிக்கைப் பிடித்தால் இடது கை மேலே, வலது கை கீழே. உலகம் பூராவும் அப்படித்தான். ஸ்டிக்கின் ஒரு பக்கம்தான் தட்டை, அதில்தான் அடிக்கலாம். கை மாறிப் பிடித்தவனைப் பார்த்தால், ஸ்டிக் பிடிக்கத் தெரியாதவன் என்று சிரிப்பார்கள். விளையாட்டைப் பார்க்க வந்தவன் கீழே கிடந்த ஸ்டிக்கை எடுத்துப் பார்க்கிற மாதிரி இருக்கும்.

நெகட்டிவைப் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு கடையில் கொடுத்தேன். கம்ப்யூட்டரில் ஏற்றினார்கள். “திருப்பிப் போடுப்பா” என்றேன். இடது வலதாக, வலது இடதாக, கண்ணாடியில் தெரிகிற மாதிரி. ஒரு பொத்தானை அமுக்கினான், முடிந்தது. மாசிலாமணி வலது கையை மேலே வைத்துக்கொண்டு நின்றான். பார்த்துக்கொண்டே இருந்தேன். தலை வகிடு மாறுமே என்று பயந்தேன். அவன் வகிடு எடுக்க மாட்டான், பின்னுக்கு வாரிவிடுவான். சட்டையில் முன்பக்கம் நம்பர் கிடையாது. எல்லாம் கூடி வந்தது.

“கீழ சிரிச்சிட்டிருக்கது நீங்களா சார்? உங்களையும் வச்சிரவா?” என்று கேட்டான் கடைக்காரன்.

என் இடது புருவத்தில் ஒரு தழும்பு உண்டு. இதோ. படத்தில் அது வலது பக்கம் போய்விட்டது. ரெங்கராஜுலுவுக்குத் தெரிந்துவிடும். “வேண்டாம், வெட்டிரு” என்றேன். முழங்கை மட்டும் கொஞ்சம் இருந்தது. அதையும் வெட்டச் சொன்னேன்.

சிலை பாதி முடிந்ததும் ரெங்கராஜுலு என்னை மதுரைக்கு அழைத்துப் போனார். ஷெட்டில் மாசிலாமணி தலை இல்லாமல் நின்றான். கை இரண்டும் இருந்தது. சிலைக்காரர், “ஐயா, இந்தக் கைதான மேல?” என்றார். “படத்துல எப்படி இருக்கோ அப்படியே செய்யிங்க” என்றேன். கவனியுங்கள், அதுவரை நான் ஒரு பொய்யும் சொல்லவில்லை.

2013 ஆகஸ்ட் 11, ஞாயிற்றுக்கிழமை திறப்பு விழா. வெள்ளைச் சட்டை தைத்துப் போட்டுக்கொண்டு போனேன். ரயில்வேயில் அவனோடு ஆடியவர்கள் ஆறு பேர் வந்திருந்தார்கள். ஹமீது வந்திருந்தார், எட்டு வருடம் அவன் பக்கத்தில் ஆடியவர், திருச்சிக்காரர், பேசினால் கூட்டம் கேட்கும். நான் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்தேன். துணியை இழுத்தார்கள்.

கைதட்டினார்கள். தட்டிக்கொண்டே இருக்கும்போது எனக்கு முன்வரிசையில் தட்டல் நின்றது. பழைய ஆட்டக்காரர்கள். ஒருவர் இன்னொருவர் பக்கம் சாய்ந்தார்.

“என்னடே, கை மாறிக் கெடக்கு?”

“ஆமா. எவன் செஞ்சான் இத?”

“ஸ்டிக் பிடிக்கத் தெரியாத பய மாதிரில்லா நிக்கான்.”

ஒருவர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். முப்பத்தொன்பது வருடத்தில் அப்படி ஒரு சுகம் எனக்கு வந்ததில்லை சார். இந்த விரல் வலிக்கவில்லை என்றால் நம்புவீர்களா? வலிக்கவில்லை.

ரெங்கராஜுலு காதிலும் விழுந்துவிட்டது. முகம் வெளுத்துப்போனது. பைக்குள் கையை விட்டு என் படத்தை எடுத்து நீட்டினார். “ஒரிஜினல் படம்யா. வைகுண்டம் எடுத்தது. இத பாத்துத்தான் செஞ்சது. போட்டோ பொய் சொல்லுமா?”

படம் கைக்குக் கை போனது. ஹமீது கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார், போட்டுக்கொண்டு பார்த்தார். பிறகு தலையைத் தூக்கி என்னைத் தேடினார்.

“ஏம்பா சீனி. நீதானே அவன் காலடியில குனிஞ்சு கெடந்தவன். அவன் கைய உன்னவிடக் கிட்டத்துல பாத்தவன் எவனும் இல்ல. சொல்லு. இப்படியா பிடிச்சான்?”

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். இல்லை என்று சொன்னால், படம் யார் கொடுத்தது என்று வரும். சிலையை இறக்கித் திருத்திவிடுவார்கள். ஆமாம் என்று சொன்னால், என்னோடு ஆடியவர்கள் நாலு பேர் அங்கே உட்கார்ந்திருக்கிறார்கள். வாயைத் திறந்தேன்.

“ஷார்ட் கார்னருக்கு மட்டும்” என்றேன்.

அந்த ‘மட்டும்’ எங்கிருந்து வந்தது என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

ஹமீது படத்தை இன்னொரு தடவை பார்த்தார். சிரித்தவரும் எட்டிப் பார்த்தார். “அப்படின்னா ஸ்டிக்கோட பின்பக்கம்லா படும், அம்பயர் பவுல்லா குடுப்பான்” என்றார் அவர்.

“ஸ்டிக்கையும் பாருய்யா” என்றார் ஹமீது. “தட்டை எந்தப் பக்கம் இருக்கு? மாத்திச் செஞ்சு வாங்கியிருக்கான். தனி ஸ்டிக். அந்தக் காலத்துல எந்த அம்பயர் ஸ்டிக்கைத் திருப்பிப் பாத்தான்?” தொடையில் தட்டிக்கொண்டார். “அடப்பாவி. எட்டு வருஷம் பக்கத்துல நின்னிருக்கேன். நான் பந்தையே பாத்துக்கிட்டு இருந்துட்டேன். அதான் கோலிகளுக்கு அவன் அடி எங்கேருந்து வருதுன்னே புரியல.”

நேராக மைக்குக்குப் போனார். இதையே சொன்னார், இன்னும் நன்றாகச் சொன்னார். “இத்தனை வருஷமா யாருக்கும் தெரியாத ரகசியம், இன்னைக்கு நிறுத்தினவன் வாயால வெளிய வந்திருக்கு” என்றார். கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது. என்னை எழுந்திருக்கச் சொன்னார்கள். எழுந்தேன். எனக்காக ஜனம் கைதட்டியது அதுதான் முதல் தடவை. கள்ள ஸ்டிக் வைத்து ஆடியவன் என்று ஆகிவிட்டது பாருங்கள், அதற்கும் சேர்த்துத்தான் தட்டினார்கள்.

கூட்டம் கலைகிற நேரம் ஜெபக்கனி என் பக்கத்தில் வந்து நின்றாள். சிலையைப் பார்த்துக்கொண்டே பேசினாள்.

“அவுக இடது கைதான்ணே மேல இருக்கும். எனக்குத் தெரியாதா. முப்பத்தேழு வருசம் கூட இருந்திருக்கேன்.”

நான் புதுச் சட்டையின் கையை இழுத்துவிட்டுக்கொண்டேன்.

“நான் யார்ட்டயும் சொல்ல மாட்டேன். இதோட சரியாப்போச்சா அண்ணே? ஒங்களுக்கு மனசு ஆறிட்டா?”

“என்னம்மா சொல்லுத, எனக்கு ஒண்ணும் வெளங்கல” என்றேன்.

“அவுகளுக்குக் கடைசி வரைக்கும் ஆறல” என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறிப் போய்விட்டாள். பாவம், புருஷன் போன துக்கத்தில் என்ன பேசுகிறோம் என்று தெரியாது சிலருக்கு.

அதன் பிறகு டீக்கடையில் உட்கார முடியவில்லை. “அண்ணாச்சி, மாசி அண்ணன் எப்படிப் பிடிப்பாருன்னு ஒருக்காக் காட்டுங்க” என்பார்கள். ஸ்டிக் இல்லாவிட்டால் குடையைக் கொடுப்பார்கள். மைதானத்தில் சிலர் கையை மாற்றிப் பிடித்து அடித்துப் பார்க்கிறார்கள். ஒன்றும் போகவில்லை. அது மாசிலாமணிக்குத்தான் வரும் என்று சொல்லிக்கொள்கிறார்கள்.

பொறுத்துப் பார்த்தேன். முடியவில்லை. போன வருடம் செப்டம்பரில் ரெங்கராஜுலு வீட்டுக்குப் போனேன். காபி கொடுத்தார். குடித்துவிட்டு உள்ளதைச் சொன்னேன். படத்தைத் திருப்பிப் போட்டது நான்தான், மாசிலாமணி எல்லோரையும் போலத்தான் பிடித்தான், தனி ஸ்டிக்கும் இல்லை, ரகசியமும் இல்லை என்றேன். நெகட்டிவையும் காட்டினேன்.

அவர் அதை வாங்கி இப்படிப் பார்த்தார், அப்படிப் பார்த்தார். “இதுல எது நேர், எது தலைகீழ்னு எப்படிவே சொல்றது?” என்று திருப்பிக் கொடுத்தார். தழும்பைப் பாரும் என்றேன். நெகட்டிவில் தழும்பு அவர் கண்ணுக்குத் தெரியவில்லை. பிறகு என் தோளில் கை வைத்தார்.

“அண்ணாச்சி, கோவிச்சுக்காதிரும். செத்தவன் மேல ஒமக்கு இன்னும் பொறாம போகல. அன்னைக்கு அவ்வளவு பேர் முன்னால உண்மையச் சொன்னீரு. இன்னைக்கு எதுக்கு மாத்திப் பேசுதீரு?”

காபி நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு வந்தேன்.

2014 டிசம்பர் 7-ஆம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, நினைவுக் குழு ஆண்டு மலர் வெளியிட்டது. பதினாலாம் பக்கத்தில் ‘மாசிலாமணி பிடி’ என்று ஒரு கட்டுரை வந்திருந்தது. படமும் போட்டிருந்தார்கள். கட்டுரைக்குக் கீழே, தகவல்: கே. சீனிராஜ், மில் அணி.